முதன்முறை திருவனந்தபுரம்: மணிக்கணக்கும் பணக்கணக்கும்

பணத்திற்கு வரவு செலவுத் திட்டம் வகுப்பதில் நம் வாடிக்கையாளப் பெருமக்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மகளின் திருமணத்திற்கு எத்தனை ஆண்டுகள் சேமிக்க வேண்டும், வீட்டுக்கடனின் தவணை வருமானத்தில் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதிப் பார்த்த பின்னரே நம்மை நாடி வருகின்றனர். ஆனால் அதே குடும்பம் இரண்டு நாள் சுற்றுலாவுக்குப் புறப்படும்போது பணத்தை எண்ணுகிறது, மணிகளை எண்ணுவதில்லை.

இதன் விளைவைத் திருவனந்தபுரம் பழவங்காடியில் அன்றாடம் காணலாம். நண்பகலுக்குச் சற்றுப் பிறகு, மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த குடும்பங்கள் பத்மநாப சுவாமி கோயிலின் கிழக்கு நடையில் கையில் பூவும் துளசியுமாக நின்றுகொண்டிருப்பார்கள். நடை சாத்தப்பட்டிருக்கும், திரும்பவும் திறக்க மாலை 5 மணியளவாகும். மாலை வண்டிக்கு முன்பதிவு செய்தவர்கள் தரிசனமின்றியே திரும்புவர். இளையோருக்கு அது சிறு ஏமாற்றம். எழுபத்தைந்து வயதில், முழங்கால் வலியோடு, வாழ்நாளில் ஒரே முறை என்று வந்த தாயாருக்கு அது ஈடுசெய்ய இயலாத இழப்பு. செலவான பணத்தை மீண்டும் ஈட்டலாம். அந்த முற்பகலை மீட்க வழியில்லை.

ஆகவே முதன்முறையாக ஒரு பெருநகரைக் காணச் செல்வோர், பணத்திற்கு வகுப்பதைப் போலவே நேரத்திற்கும் ஒரு திட்டம் வகுத்தல் வேண்டும். அதனைத் திருவனந்தபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிப்படியாக இங்கே காண்போம். சென்னைக்கோ பெங்களூருக்கோ மைசூருக்கோ செல்வோருக்கும் இதே முறை பொருந்தும்.

முதற் படி: கையிலுள்ள மணிகள் எத்தனை?

மதுரையிலிருந்து கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், வயது முதிர்ந்த தாயார் என நால்வர் புறப்படுவதாகக் கொள்வோம். இரவு வண்டியில் ஏறிச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு இறங்குகின்றனர். ஞாயிறு இரவு 8 மணிக்குத் திரும்பும் வண்டி. இடைப்பட்ட காலம் 37 மணி நேரம்.

கேட்பதற்குப் பெரிய இருப்பாகத் தோன்றும் இத்தொகையிலிருந்து கழிவுகளை எடுப்போம். உறக்கம் 8 மணி. குளியல், உடை மாற்றுதல், உணவு ஆகியவற்றுக்கு இரு நாளும் சேர்த்து 6 மணி. நகருக்குள் போக்குவரத்து 4 மணி. வரிசையில் காத்திருத்தல் 3 மணி. எஞ்சுவது 16 மணி. எதிர்பாராதவற்றுக்காக 4 மணியை ஒதுக்கினால், காண்பதற்கென்று உண்மையில் கிடைப்பது 12 மணி மட்டுமே. நகரைப் பற்றி நண்பர்கள் சொன்ன இருபது இடங்களையும் இந்த 12 மணிக்குள் அடக்க முற்படுவது, பன்னிரண்டாயிரம் ரூபாய் இருப்பை நம்பி இருபதாயிரத்திற்குக் காசோலை எழுதுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் படி: மாறாத நேரங்களை முதலில் எழுதுதல்

குடும்ப வரவு செலவில் வாடகையையும் கடன் தவணையையும் முதலில் எழுதிவிட்டே ஏனைய செலவுகளை எழுதுகிறோம். பயணத்திலும் அவ்வாறே நம் விருப்பத்திற்கு வளைந்துகொடாத நேரங்களை முதலில் குறித்தல் வேண்டும்.

பத்மநாப சுவாமி கோயிலில் முற்பகல் தரிசனம் பூசைகளுக்கிடையே சில பகுதிகளாகவே அமையும். நண்பகலில் நடை சாத்தப்படும். மாலையில் மீண்டும் திறக்கும். விழா நாட்களில் இந்நேரங்கள் மாறுமாதலால், புறப்படுவதற்கு முன்னர் ஒருமுறை உறுதி செய்துகொள்க. இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆடவர் மேலாடையின்றி வேட்டி அணிதல் வேண்டும். பெண்டிர்க்குச் சேலையோ பாவாடையோ ஏற்றது. சுடிதார், கால்சட்டை அணிந்து வந்தோர் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்ள நேரிடும். கைப்பேசி, படக்கருவி, பை ஆகியவற்றை உள்ளே கொண்டுசெல்ல இயலாது. வெளியே பாதுகாப்பறையில் ஒப்படைக்கலாம். அறையிலேயே விட்டு வருவது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது வார விடுமுறை. கோயிலை அடுத்துள்ள குதிரைமாளிகை, நேப்பியர் அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனை ஆகிய நான்கிற்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறும் திங்களும் என விடுப்பு எடுத்து வருவோர் பாதி நகரைப் பூட்டிய கதவுகளாகவே காண்பர். சனியும் ஞாயிறும் அமைந்தால் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது, ஆண்டின் விழாக்கள். மாசி மாதத்தை ஒட்டி வரும் ஆற்றுக்கால் பொங்கல் நாளில் இலட்சக்கணக்கான பெண்கள் நகரின் தெருக்களிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவர். அதைக் காண விரும்புவோருக்கு அது அரிய நாள். நகரைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு அன்று சாலைகளே கிடைப்பதரிது. ஆண்டிற்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், பத்மநாப சுவாமி ஆராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகையில் ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து செல்கிறது. அப்போது சில மணி நேரம் விமானப் போக்குவரத்தே நிறுத்தப்படும். கார்த்திகை முதல் தைத் தொடக்கம் வரை சபரிமலைப் பயணிகளால் இரயில்களும் விடுதிகளும் நிரம்பி வழியும். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஐப்பசியில் வடகிழக்கு மழையும் உண்டு. முதற்பயணத்திற்குத் தை, மாசி மாதங்களின் சாதாரண வாரயிறுதியே ஏற்றது.

மூன்றாம் படி: தங்குமிடமே திட்டத்தின் அச்சு

விடுதியைத் தேர்வதில் பலர் வாடகையை மட்டுமே ஒப்பிடுகின்றனர். நகரின் ஓரத்தில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும் அறை, ஆட்டோக் கட்டணத்திலும் அலைச்சலிலும் அதைவிட மிகுதியாக வாங்கிக்கொள்ளும். முதன்முறை வருவோர் பழவங்காடி, தம்பானூர், கிழக்கேகோட்டை ஆகிய மூன்றுக்கும் இடையே தங்குவது நலம். இரயில் நிலையமும் வெளியூர்ப் பேருந்து நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே உள்ளன. அங்கிருந்து பழவங்காடி சுமார் ஒரு கிலோமீட்டர். நகரப் பேருந்துகளும் கோவளம் செல்லும் பேருந்துகளும் கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படுகின்றன. பெரிய கோயிலுக்கு அங்கிருந்து நடந்தே செல்லலாம்.

பழவங்காடிக்கென்று ஒரு வரலாறும் உண்டு. இங்குள்ள கணபதி கோயில் இந்திய இராணுவத்தின் பராமரிப்பில் உள்ளது. திருவிதாங்கூரின் நாயர் படையினர் பத்மநாபபுரத்தில் வழிபட்டு வந்த கணபதியை, தலைநகர் மாறியபோது தம்முடன் கொண்டுவந்து இங்கே நிறுவினர் என்பது வரலாறு. கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அப்படை பின்னாளில் இந்திய இராணுவத்தோடு இணைந்தமையால் கோயிலும் இராணுவத்தின் பொறுப்பில் தொடர்கிறது. இங்கே முதன்மையான வழிபாடு தேங்காய் உடைத்தல். காரியத் தடை நீங்க வேண்டிப் பெரும்பாலோர் இங்கே ஒரு தேங்காயை உடைத்த பின்னரே பத்மநாபரைக் காணச் செல்கின்றனர்.

அறையை முன்பதிவு செய்கையில் மூன்று கேள்விகளைத் தவறாது கேளுங்கள். வாடகைக் கணக்கு இறங்கிய நேரத்திலிருந்து 24 மணியா, அன்றி நண்பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டுமா? சொல்லப்பட்ட வாடகையில் வரி அடங்குமா? மின்தூக்கி உண்டா? காலை 7 மணிக்கு வந்திறங்கும் குடும்பத்திற்கு முதற்கேள்வியும், தாயாருக்கு மூன்றாவது கேள்வியும் மிக இன்றியமையாதவை.

நான்காம் படி: பயணச்சீட்டு

இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. முன்பு இது 120 நாட்களாக இருந்தது. ஆகவே நாட்காட்டியில் பயண நாளிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி ஒரு குறியிடுக. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு 60 வயது நிறைந்த ஆடவர்க்கும் 45 வயது நிறைந்த பெண்டிர்க்கும் உண்டு. ஆனால் அது ஒருவரோ இருவரோ மட்டும் அடங்கிய சீட்டுக்கே பொருந்தும். நால்வருக்கும் ஒரே சீட்டாக எடுத்தால் தாயாருக்கு அவ்வொதுக்கீடு கிட்டாமற் போகும். அவருக்குத் தனிச்சீட்டு எடுப்பதே அறிவுடைமை.

நிலையத்தின் பெயரையும் கவனித்துப் படியுங்கள். கொச்சுவேளி என்று வழங்கிய நிலையம் இப்போது திருவனந்தபுரம் வடக்கு. நேமம் என்பது திருவனந்தபுரம் தெற்கு. நாம் சொல்லும் பழவங்காடி, தம்பானூர்ப் பகுதிக்கு உரியது திருவனந்தபுரம் சென்ட்ரல். திரும்பும் வண்டி எந்நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதைப் பாராமல் தவறான நிலையத்தில் போய் நின்றால், மற்றதற்கு ஓடிப் பிடிப்பதற்குள் வண்டி போய்விடும்.

ஐந்தாம் படி: இரண்டு நாட்களின் நிரல்

நிரல் அமைக்கையில் இரண்டு விதிகளைக் கைக்கொள்க. முதலாவது, எதற்காக வந்தோமோ அதை முதல் நாளின் முற்பகலில் வைத்தல். ஏதேனும் தடை நேரினும் அன்று மாலையும் மறுநாள் காலையும் மாற்று வாய்ப்பாக இருக்கும். இரண்டாவது, தொலைவிலுள்ளதை முதல் நாளிலும் நிலையத்திற்கு அருகிலுள்ளதைக் கடைசி நாளின் மாலையிலும் வைத்தல்.

சனிக்கிழமை காலை குளித்து உடைமாற்றிப் பழவங்காடிக் கணபதியை வணங்கி, 9 மணிக்குள் பத்மநாப சுவாமி கோயிலின் வரிசையில் நின்றுவிடுக. நம்மாழ்வாரால் பாடல் பெற்ற இத்தலம் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. அனந்தன்மீது பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாயில்களின் வழியே காண வேண்டும்: முதல் வாயிலில் திருமுகம், நடுவாயிலில் உந்தித் தாமரை, மூன்றாம் வாயிலில் திருவடி. கூட்ட நாட்களில் ஒவ்வொரு வாயிலிலும் சில நொடிகளே கிட்டும். எங்கே எதைக் காணவேண்டும் என்பதை முந்திய இரவே தாயாருக்கும் மகளுக்கும் சொல்லி வைத்தால், அந்த நொடிகள் வீணாகா. 1750இல் மன்னர் மார்த்தாண்டவர்மா தம் நாட்டையே இப்பெருமாளுக்கு அர்ப்பணித்து, அவருடைய அடியாராக நின்று ஆண்டார் என்பதையும் மகளுக்குக் கூறலாம்.

தரிசனம் முடிந்து உணவுக்கு முன்னர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடக்கலாம். ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கக்கூடுமாதலால் சனிக்கிழமையே ஏற்றது. திவான் இராஜா கேசவதாசர் காலத்தில் உருவான இவ்வங்காடியில் தமிழ் வணிகர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இத்தெருவில் கடை நடத்திக்கொண்டே இத்தெருவின் மாந்தரைத் தம் கதைகளில் வார்த்தவர், சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் ஆ. மாதவன். தமிழ்த்தாய் வாழ்த்தை யாத்த மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை பேராசிரியராகப் பணியாற்றியதும் இந்நகரிலேயே. மொழி புரியாதே என்ற அச்சம் தமிழருக்கு இங்கே தேவையில்லை.

உணவு விடுதிகளில் சிவந்த, பருமனான அரிசிச் சோறு பரிமாறப்படலாம். பழக்கமில்லாத முதியோர் வெள்ளைச் சோறு கேட்டுப் பெறுக. இளஞ்சிவப்பாக வரும் குடிநீரைக் கண்டு தயங்க வேண்டா. அது பதிமுகம் என்னும் மரச்சீவலை இட்டுக் காய்ச்சிய நீர்.

வெயில் உச்சியிலிருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு. இதை வீண் என்று கருதி நீக்குவோரே மாலையில் தாயாரை அறையில் தனியே விட்டுச் செல்ல நேரிடுகிறது. பிற்பகல் மூன்றரைக்குக் கோவளம் புறப்படலாம். தொலைவு சுமார் 16 கிலோமீட்டர். கதிரவன் மறைவதைக் கண்டு இரவு 8 மணிக்குள் திரும்பிவிடலாம். அலைகள் வலியன, உயிர்காப்பாளர் காட்டும் எல்லையைக் கடத்தல் கூடாது.

ஞாயிறு காலை உயிரியல் பூங்காவும் நேப்பியர் அருங்காட்சியகமும். இரண்டும் ஒரே வளாகத்தில் அமைந்தவை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கிய இக்கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் சிஷோம், 1880இல் நிறைவெய்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடித்தவரும் இவரே. அதே வளாகத்தில் இரவிவர்மாவின் ஓவியங்களையும் காணலாம். வீட்டுச் சுவர் நாட்காட்டிகளில் நாம் கண்டு வளர்ந்த தெய்வ உருவங்களுக்கு மூலவர் அவர். திரும்பும் வழியில் பாளையத்தில் பள்ளிவாசலும் கிறித்தவப் பேராலயமும் கணபதி கோயிலும் அடுத்தடுத்து நிற்பதைக் காணத் தவறாதீர்கள்.

பிற்பகல் 3 மணிக்குக் குதிரைமாளிகை. இசைவாணராகிய மன்னர் சுவாதித் திருநாள் 1840களில் கட்டிய இவ்வரண்மனையின் புறத்தே, கூரையைத் தாங்கினாற்போல 122 மரக்குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் இப்பெயர். உள்ளே தந்தச் சிங்காதனமும் பளிங்குச் சிங்காதனமும் உள்ளன. மாலை ஐந்தரைக்கு அறைக்குத் திரும்பினால், பொருள்களைச் சரிபார்த்து, உண்டு, பதற்றமின்றி நிலையத்தை அடையலாம்.

ஆறாம் படி: எதை விடுவது?

வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்றொரு கருத்துண்டு. ஒன்றைத் தேர்வதால் எதை இழக்கிறோமோ அதுவே அத்தேர்வின் உண்மையான விலை. பொன்முடி மலைக்குச் சென்றுவர ஒரு முழுப்பகல் வேண்டும். அதன் விலை, வாடகைக்காரின் கட்டணம் மட்டுமன்று. அருங்காட்சியகமும் அரண்மனையும் சேர்ந்ததே. பொன்முடி, வர்க்கலை, நெய்யாறு அணை, பூவாறு ஆகியவற்றை ஒரு தாளில் ‘அடுத்த முறை’ என்று தலைப்பிட்டு எழுதி வையுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் விதிவிலக்கு. தமிழ்நாட்டிற்குள் அமைந்து, கேரளத் தொல்லியல் துறையால் பேணப்படும் இவ்வரண்மனை நாகர்கோவில் சாலையில் உள்ளது. சொந்த வாகனத்தில் வருவோர் வழியிலேயே காணலாம்.

ஏழாம் படி: பணக்கணக்கு

எடுத்துக்காட்டாக, நால்வருக்கும் மொத்தம் ரூ. 15,000 எனக் கொள்வோம். பயணச்சீட்டு 3,500, தங்குமிடம் 3,500, உணவு 3,000, உள்ளூர்ப் போக்குவரத்து 2,000, வழிபாடு, நுழைவுக் கட்டணம், கடை 1,500, அவசர ஒதுக்கீடு 1,500. தொகைகள் குடும்பத்திற்குக் குடும்பம் மாறும்; கடைசித் தலைப்பு மட்டும் மாறாது இருத்தல் வேண்டும். மாதம் ரூ. 2,500 வீதம் ஆறு மாதத் தொடர்வைப்பு இத்தொகையைத் திரட்டித் தரும். சுற்றுலாவுக்காகக் கடன் அட்டையில் தவணை வைப்பதினும் இது மேலானது.

பணத்தைக் கொண்டுசெல்வதில் கீழ்க்காண்பவற்றை நினைவிற் கொள்க:

• கைப்பேசி ஒன்றையே நம்பாதீர்கள். மின்னேற்றம் தீர்ந்தால் யு.பி.ஐ. பயன்படாது. கொஞ்சம் ரொக்கத்தை இருவரிடம் பிரித்து வையுங்கள், ஏ.டி.எம். அட்டை மூன்றாவது துணை.

• பிற வங்கி ஏ.டி.எம்.களில் சேமிப்புக் கணக்கிற்குக் கட்டணமில்லாப் பயன்பாடு ஆறு பெருநகரங்களில் மாதம் 3 முறை. ஏனைய ஊர்களில் 5 முறை. திருவனந்தபுரம் அவ்வாறினுள் சேராது. எனவே இங்கே 5 முறை.

• ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தொகை திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. ரசீதைக் கிழித்தெறியாதீர்கள்.

• விடுதியின் தொலைபேசி எண்ணை இணையத் தேடலில் முதலில் தென்பட்ட இடத்திலிருந்து எடுத்து முன்பணம் அனுப்பாதீர்கள். போலிப் பக்கங்கள் பல. பணம் பெறுவதற்குக் குறியீட்டை வருடுவதோ இரகசிய எண்ணை இடுவதோ ஒருபோதும் தேவையில்லை. முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள் என்று எவரேனும் கூறினால் அது மோசடியே.

• பணம் பறிபோனால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். மூன்றாம் தரப்பின் மோசடியில், நம் கவனக்குறைவு இல்லாதபோது, 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தால் இழப்பு நம்மைச் சாராது.

எட்டாம் படி: ஒதுக்கி வைத்த நான்கு மணி

நேரத்திலும் அவசர ஒதுக்கீடு வேண்டும் என்றோம். வண்டி இரண்டு மணி தாமதமாகலாம், மழை கொட்டலாம், தாயாருக்குத் தலைசுற்றல் வரலாம். கேரளத்தில் முழு அடைப்பு அறிவிக்கப்பட்டால் பேருந்துகளும் கடைகளும் நின்றுவிடும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 சனவரியில் ஆணையிட்டிருப்பதால், புறப்படும் வாரத்தில் செய்தித்தாளைக் கவனித்தல் நலம். ஒதுக்கிய நான்கு மணி செலவாகாமல் எஞ்சினால் கோயில் குளமான பத்மதீர்த்தக் கரையில் அமர்ந்திருங்கள். நகரை அறிய அதுவும் ஒரு வழியே.

பயிற்சி

இவ்விதழை மூடுமுன் ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதுங்கள்.

1. நாம் செல்லவிருக்கும் நகரில் நம் கையிலுள்ள மணிகள் எத்தனை. கழிவுகள் போக எஞ்சுவது எத்தனை?

2. நமக்காக மாறாத நேரங்களும் விடுமுறை நாட்களும் யாவை?

3. வீட்டில் மூத்தவர் எதைக் காணவே வருகிறார்? அது முதல் நாள் முற்பகலில் இருக்கிறதா?

4. எந்த மூன்று இடங்களை அடுத்த முறைக்கென விட்டுவிட்டோம்?

மூன்றாவது வரியை நீங்களாக ஊகித்து எழுதாமல், அவரிடமே கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தாமாக எதையும் கேட்பதில்லை. கேட்டால் மட்டுமே சொல்வார்கள். அந்த விடை கிடைத்த பின்னரே முன்பதிவுக்குச் செல்லுங்கள்.